படத்தோடு குறிப்பும் குடிபெயர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி சந்திப்பில் என் தந்தையார் 1978-ல் தொடங்கிய ஸ்டூடியோவை இப்போது நான் நடத்தி வருகிறேன். எங்கள் புகைப்பட இணையதளத்தை, அதுவரை இருந்த நிறுவனத்திடமிருந்து எடுத்து வேறு ஏற்பாட்டுக்கு மாற்றும் வேலையைச் சென்ற ஆண்டு செய்து முடித்தோம். அதில் எதை இழந்தோம், எதைக் காப்பாற்றினோம் என்பது நம் மாவட்டத்து ஸ்டூடியோக்காரர்களுக்கும், ஊர்ப் படங்களையும் குடும்பப் படங்களையும் இணையத்தில் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி சந்திப்புப் பகுதிக்குள் புகுந்ததை இங்குள்ளவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் கடையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கீழ் அலமாரியில் இருந்த நெகட்டிவ்களும், அவற்றை ஸ்கேன் செய்து வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கின. நீர் வடிந்ததும் நெகட்டிவ்களைக் கட்டுக்கட்டாக வெயிலில் காயவைத்தோம். அது பெரும் தவறு. ஈரத்தில் இளகிய ஜெலட்டின் பூச்சு காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுத்தபோது உருவமே உரிந்து வந்தது. (நனைந்த நெகட்டிவைக் காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த நீரிலேயே வைத்திருந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.) இதனால், 2009 முதல் தளத்தில் ஏற்றியிருந்த நான்காயிரத்துச் சொச்சம் படங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு, இணையத்தில் இருந்த பிரதியே ஒரே பிரதி என்றாகிவிட்டது.

அந்த நிலையில்தான், தளத்தை வைத்திருந்த நிறுவனம் ஆண்டுச் சந்தாவை எங்களால் தாங்க முடியாத அளவுக்கு உயர்த்தியது. வேர்ட்பிரஸுக்கு மாறுவது என்று முடிவு செய்தோம். இணையதளம் அமைப்பதற்கான, 2003 முதல் புழக்கத்தில் இருக்கும் கட்டற்ற மென்பொருள் அது. தளங்களுக்கு இடம் வாடகைக்குத் தரும் எந்த ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம் என்பதால், நாளை ஓரிடம் ஒத்துவராவிட்டால் தளத்தை முழுதாக எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக முடியும்.

படங்களைத் தரவிறக்கிய முதல் நாள், அப்பா 1992 நவம்பர் வெள்ளத்தில் எடுத்த குறுக்குத்துறை முருகன் கோயில் படத்தைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். ஆற்றின் நடுவே கோபுரத்தின் மேற்பகுதி மட்டும் தெரியும் படம் அது. தளத்தில் அதன் அடியில் நான்கு வரிக் குறிப்பு ஒன்று இருந்தது: யார் வீட்டு மொட்டை மாடியில் நின்று எடுத்தார், எத்தனை மணிக்கு, வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றபோது யார் யார் உடனிருந்தார்கள் என்பது வரை அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது. கைக்கு வந்த கோப்பில் அந்த நான்கு வரியும் இல்லை. கோப்பின் பெயர் எண்ணும் எழுத்துமாக ஒரு நீண்ட சரம். தேதி, நான் தரவிறக்கிய தேதி. அகலம் 1500 புள்ளிகள். நாங்கள் ஏற்றியது 6000 புள்ளி அகலம் கொண்ட ஸ்கேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அதை 20 அங்குல அகலத்துக்கு அச்சிட்டிருக்கலாம், இதையோ ஐந்து அங்குலத்துக்கு மேல் அச்சிட முடியாது.

இதன் காரணம் எளியது. பல தளங்களில் படம் ஓரிடத்திலும், படத்தின் தலைப்பும் குறிப்பும் ஆல்ப வரிசையும் தரவுத்தளம் என்ற வேறோர் இடத்திலும் இருக்கின்றன. திரையில் மட்டுமே அவை ஒன்றாகத் தெரிகின்றன. பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும் என்பதற்காகப் படத்தைச் சுருக்கும்போது, கேமராவும் ஸ்கேனரும் கோப்புக்குள் எழுதி வைத்த தேதி முதலான விவரங்களும் பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. ஆகவே படங்களை மட்டும் எடுத்து வருவது, வீடு மாறும்போது பீரோவைத் தூக்கிவந்து உள்ளே இருந்த பத்திரங்களை விட்டுவருவதற்கு ஒப்பானது.

நல்ல வேளையாக, பழைய கணக்கை நாங்கள் மூடியிருக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சந்தாவை முதலில் நிறுத்திவிட்டு, பழைய தளத்திலிருந்து எடுத்துவைத்த ஏற்றுமதிக் கோப்பு கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் புதிய தளத்தில் இறக்கிப் பார்த்தார். எல்லாப் பக்கங்களிலும் எழுத்து வந்தது, படம் இருக்க வேண்டிய இடங்கள் வெற்றுக் கட்டமாக நின்றன. வேர்ட்பிரஸ் படிக்கும் அந்த ஏற்றுமதிக் கோப்பில் எழுத்துகளும் படங்களின் முகவரிகளும்தான் இருக்கும். படங்களை அது பழைய தளத்துக்கே போய்த்தான் எடுத்துவரும். பழைய தளம் உயிரோடு இல்லையென்றால் எடுத்துவர ஒன்றும் இல்லை. குறுக்குத்துறையில் தண்ணீர் ஏறும்முன்பே உற்சவரை மேலே கொண்டுசெல்லும் வழக்கம் உள்ள ஊரில், இதை நாம் பிந்திச் செய்யக் கூடாது.

நானும் என் மகளும் மூன்று மாதங்கள், இரவு கடையடைத்த பிறகு, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து குறிப்புகளை அட்டவணையில் படியெடுத்தோம். பல ஆண்டுகளுக்கு முன் நாங்களே அழித்துவிட்ட சில பக்கங்கள் வேபேக் மெஷின் என்னும் இணையக் காப்பகத்தில் கிடைத்தன. எடுத்த குறிப்புகளை இம்முறை தளத்தில் மட்டும் எழுதாமல், டிஜிகாம் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளேயும் எழுதிவிட்டோம். கோப்புக்குள் விவரங்கள் எழுதுவதற்கென உள்ள எக்ஸ்எம்பி என்னும் பகுதியில் தமிழை ஒருங்குறியில் அப்படியே எழுதலாம். அந்தக் கோப்பைச் சுருக்காமல் ஒரு பிரதி வைத்துக்கொண்டால், தளம் எங்கே போனாலும் குறிப்பு படத்தை விட்டுப் பிரியாது. ஸ்டூடியோ நடத்தும் ஒவ்வொருவரும் இன்றே தொடங்க வேண்டிய வேலை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பக்க முகவரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருப்பதால். தமிழ் எழுத்து முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது இடங்களைப் பிடிக்கும். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் பெயருக்கு ஒதுக்குவது 200 இடம். ‘திருநெல்வேலி’ என்ற ஒரு சொல்லுக்கே, மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், 12 குறிகள், 108 இடங்கள் ஆகிவிடும். அதன்பின் ‘குறுக்குத்துறை’ என்று எழுதினால் முகவரி ‘குறுக்குத்’ என்பதோடு நின்றுவிடும். பழைய முகவரி நீளமாக இருந்து புதியது இப்படி வெட்டுப்பட்டால், முன்பு பகிர்ந்த இணைப்புகள் ஒன்றும் திறக்காது. நாங்கள் சுருக்கமான புதுப் பெயர்களைக் கொடுத்து, பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு 301 என்னும் நிரந்தர வழிமாற்றம் வைத்தோம். அதை ஓராண்டாவது நீக்காமல் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என்றும் நீக்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. பத்தமடையில் பாய் நெய்துகொண்டிருந்த ஓர் ஆச்சியின் 1986-ஆம் ஆண்டுப் படத்தை, மும்பையில் இருக்கும் அவருடைய பேத்தி பழைய இணைப்பைக் கொண்டே மறுபடியும் கண்டுபிடித்து எங்களுக்குப் போன் செய்தார்.

டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், விஷயத்திலும் எங்களுக்கு நெருக்கடி வந்தது. 2009-ல் தளம் அமைத்துத் தந்தவர், அந்தப் பெயரைத் தம் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். அவர் வெளிநாடு போய்விட்டார். தேடிப் பிடித்து எங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஐந்து வாரம் ஆயிற்று. தங்கள் கடையின் இணையப் பெயர் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதை உரிமையாளர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தளத்தை மாற்றுவதற்காகப் பெயரை வேறு பதிவாளரிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனத்திடம்) மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அது சுட்டும் இடத்தைத் திருப்பினால் போதும். அப்படித் திருப்பும்போது மின்னஞ்சலுக்கான பதிவுகளையும் மறவாமல் எழுதிக்கொள்ள வேண்டும், இல்லையேல் தளம் புதிய இடத்தில் திறக்கும், கடிதங்கள் வந்து சேரா.

இவ்வளவுக்குப் பிறகும் 61 படங்களின் குறிப்புகள் எங்கும் கிடைக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார். ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கும் ஒரு கூட்டம், கூந்தன்குளத்தில் நாரைகள் அடைந்த மரத்தடியில் அமர்ந்திருக்கும் இரு பெண்கள், ஏதோ ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் வரிசை. அவற்றை அச்சிட்டு, எண் இட்டு, ஸ்டூடியோ வாசலில் ஒட்டியிருக்கிறோம். சந்திப்பு வழியாகப் போகிற பெரியவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்து, தெரிந்த முகமோ ஊரோ இருந்தால் உள்ளே வந்து சொல்ல வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை ஒன்பது படங்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோ உரிமையாளர்,
திருநெல்வேலி சந்திப்பு.