ஊர்ப் பெருமைக்கும் சான்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பற்றிய கட்டுரைகளை விக்கிப்பீடியாவில் நீக்கிவிடுகிறார்கள் என்ற மனக்குறை செட்டிநாட்டில் இருக்கிறது. அங்கே எழுதுவோரும் நீக்குவோரும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஒருவர் வள்ளலா, உத்தமரா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. அவரோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்றே பார்க்கிறார்கள். ஐயம் எழுந்தால் பொதுவில் விவாதிக்கிறார்கள். எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பதைவிட, சொன்ன காரணத்தின் வலுவே அங்கு எடுபடும். குடும்பத்தார் அச்சிட்ட மணிவிழா மலர் அதற்குப் போதாது. இந்த விதி சரியானது. இது இல்லாவிட்டால், செல்வம் படைத்தவர்களின் விளம்பரப் பலகையாகக் கலைக்களஞ்சியம் மாறிவிடும்.

ஆனால் இதில் அடிபடுவது எளியவர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைக்குச் சான்றுகள் கிடைக்கும், அதை நெய்தவருக்கு? ஆத்தங்குடித் தரைக்கல் வார்த்தவர், நிலைக்கதவு செதுக்கிய ஆசாரி, இவர்களைப் பற்றி யார் அச்சில் எழுதினார்கள்?

கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தாம் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின. இன்னும் நம் வீடுகளில் பூட்டிக் கிடக்கும் பழைய இதழ்களைக் கரையான் அரிக்குமுன் கல்லூரிகள் மின்வடிவாக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இந்தக் கைவினைஞர்களை நேரில் கண்டு, விரிவாக, பெயரோடு எழுத வேண்டுகிறேன்.

வாசகர்,
காரைக்குடி