லீவு யாருக்கு ஜாஸ்தி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் நாட்டில் லீவு ஜாஸ்தி, அதனால்தான் எந்த வேலையும் நடப்பதில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில் இருக்கிற எங்கள் குமுளிப் பக்கம் ஒரு வருஷம் குடியிருந்தால் இப்படி எழுத மாட்டார். நாடு முழுக்கப் பொதுவான தேசிய விடுமுறை மூன்றே மூன்று, ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. மற்றதெல்லாம் ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை மாறும்.

பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் கம்பம் ஊரில் வரிசையாக மூன்று நாள் லீவு. மலையேறி இந்தப் பக்கம் வந்தால் ஒரே நாள், அதுவும் இடுக்கி, பாலக்காடு மாதிரி தமிழர்கள் இருக்கிற ஆறு மாவட்டங்களுக்கு மட்டும். மாட்டுப் பொங்கலன்று கம்பத்தில் மாட்டுக் கொம்புக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள், இங்கே எங்கள் பிள்ளைகள் யூனிபார்மோடு பஸ்ஸுக்கு நிற்பார்கள். இதற்காகக் கேரளத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஓணத்துக்குத் தமிழ்நாட்டில் நீலகிரி, கோவை, கன்னியாகுமரி என்று சில மாவட்டங்களில்தான் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுகிறார், அதையும் ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்கித் திரும்ப வாங்கிக்கொள்கிறார்! 'செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது' என்று அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி வரும். பேங்க் லீவெல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ்தான், அதாவது அன்றைக்கு பேங்க் உண்டு.

சரி, இதெல்லாம் மாதச் சம்பளக்காரர்கள் கவலை. விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறி வரும் பெண்களிடம் லீவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தோட்டம் லீவு என்றால் ஜீப் வராது, ஜீப் வராவிட்டால் அன்றைய கூலி போச்சு. அவர்களுக்குப் பண்டிகையும் ஹர்த்தால் என்கிற கடையடைப்பும் ஒன்றுதான். (ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் உத்தரவு போட்ட பிறகும் ராத்திரியில் அறிவித்துக் காலையில் கடையடைக்கிற கூத்து நடந்திருக்கிறது.)

இத்தனைக்கும் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று இரண்டு மாநிலத்திலும் 1958-லேயே சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் மூன்று தேசிய விடுமுறையோடு மே தினமும் ஐந்து பண்டிகை நாளும் சேர்த்து ஒன்பது நாள். அன்றைக்கு வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவும் சம்பளமும். பதிவேட்டில் பேர் இருக்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஜீப்பில் வருகிறவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது, வேலைக்கு ஆள் கூட்டி வருகிற கங்காணியும் சொல்ல மாட்டார், அவர் ஏன் சொல்லப்போகிறார்?

வருஷா வருஷம் ஜனவரியில் அரசு விடுமுறைப் பட்டியலைக் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதற்குக் கீழேயே இந்தச் சட்டத்தையும் நாலு வரி போடுங்கள், கேரளத்துச் சட்டத்தில் எத்தனை நாள் என்பதையும் சேர்த்து. கத்தரித்து எடுத்துப் போய்க் கங்காணியிடம் காட்ட ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குமுளி