சிலையின் முதுகைப் பார்த்துவிட்டு வா, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் அழாத குறையாகக் கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. "நம்ம கோயில் சிலைகளைப் படிக்கணும்னுதானே சித்தி இந்தக் கலை வரலாறு கோர்ஸ்ல சேர்ந்தேன். இவங்க ஜெர்மனி, நைஜீரியா, ஜப்பான்னு சுத்திக் காட்டறாங்க. வருஷமும் பேரும் மண்டையில நிக்கவே மாட்டேங்குது. இதெல்லாம் எனக்கு எதுக்கு?" பஸ் இரைச்சலில் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியோடு வேறு சில பிள்ளைகளும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டு பதிலை எல்லாரும் படிக்கும்படி இங்கே போடுகிறேன்.

வருஷங்களை மனப்பாடம் செய்யாதே. இரண்டு வருஷங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். 1011, 1015 என்று வைத்துக்கொள்வோம்.

1011-ஐ நீ ஏற்கனவே பார்த்திருக்கிறாய். நீ ஏழாவது படிக்கும்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனேனே, அங்கே தலைமுடியையே தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு, ஒரு காலுக்குக் குறுக்கே இன்னொரு காலை மாற்றி வைத்து நிற்கும் சிவன். திருவெண்காட்டு ரிஷபவாகனர். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அவர் நிறுவப்பட்ட வருஷத்தைச் சொல்கிறது. ஒரு கையை மடக்கிக் காளை மேல் சாய்த்திருக்கிறார், ஆனால் காளை இல்லை, எப்போதோ தொலைந்துபோய்விட்டது. "மாடு எங்க சித்தி?" என்று நீதான் கேட்டாய். கையில் இருக்கும் அந்தச் சாய்மானத்தை வைத்தே அங்கே ஒரு மாடு நின்றது என்று பதினோரு வயசில் கண்டுபிடித்தவள் நீ. அதை நான் மறக்கவில்லை.

இப்போது 1015. வட ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் என்று ஒரு ஊர். அங்கே பெர்ன்வார்ட் என்ற பிஷப் தன் தேவாலயத்துக்கு இரண்டு வெண்கலக் கதவுகள் செய்வித்தார். ஒவ்வொரு கதவும் நாலரை மீட்டருக்கு மேல் உயரம், ஒவ்வொன்றும் ஒரே வார்ப்பு. ஆதாம், ஏவாள் கதை அதில் இருக்கிறது. பழத்தைத் தின்றதற்குக் கடவுள் கணக்குக் கேட்கிறார். ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான், ஏவாள் கீழே இருக்கும் பாம்பைக் காட்டுகிறாள். உருவங்களின் உடம்பு தகட்டோடு ஒட்டிக்கிடக்க, தலை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். வெறும் விரல்களாலேயே ஒரு குடும்பச் சண்டையைச் சொல்லிவிட்டான் அந்த வார்ப்புக்காரன்.

நாலு வருஷ இடைவெளியில் காவிரிக் கரையில் ஒருவரும் ஜெர்மனியில் ஒருவரும் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி, மெழுகு உருகி ஓடிய பள்ளத்தில் உலோகத்தை ஊற்றியிருக்கிறார்கள். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் ஜெர்மனிக்காரரின் உருவங்கள் கதவில் ஒட்டியவை, அவற்றுக்கு முதுகே கிடையாது. அந்தக் கதவின் படத்தைப் பார்த்த பிறகுதான் நம் சிலைகளுக்கு முதுகு இருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது, பாப்பா. அதுவரை நூறு தடவை பார்த்திருந்தேன். முன்னால் நின்று கும்பிட்டே பழகிவிட்டதால் பின்னால் ஒன்று இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமையே எழும்பூர் மியூசியத்துக்குப் போனேன். வெண்கலக் கூடத்தில் ஒரு பார்வதி. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் கன்னத்தை ஒட்டவைத்து எட்டிப் பார்த்தேன். பின்னந்தலையில் சின்னச் சக்கரம் ஒன்று, சிரச்சக்கரம் என்பார்கள். அதற்குக் கீழே கூந்தல் சுருள்சுருளாகத் தோளில் விழுகிறது. முதுகுத் தண்டின் பள்ளம், இடுப்பில் முடிச்சுப் போட்ட துணியின் நுனி, எல்லாம் முன்பக்கம் போலவே முடிக்கப்பட்டிருந்தன. பீடத்தைப் பார்த்தால் தண்டு கோத்துத் தூக்குவதற்கான வளையங்கள். அப்போதுதான் எல்லாம் சேர்ந்து புரிந்தது. இது உற்சவர். ஒரே இடத்தில் நிற்கச் செய்ததல்ல, வீதியில் போகச் செய்தது. பின்னால் நடந்து வரும் சனங்களுக்கும் அம்பாள் தெரிய வேண்டும். ஆனால் புறப்பாட்டில் பட்டும் மாலையுமாக மூடிவிடுவார்கள், முகம்தான் தெரியும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அந்த முதுகைச் செய்திருக்கிறார் ஒரு ஸ்தபதி. அன்றைக்கு நான் அழுதேன். மியூசியம் காவலர் வந்து தண்ணீர் வேணுமா என்று கேட்டார்.

ஹில்டெஸ்ஹைம் எனக்கு எதுக்கு என்று கேட்டாயல்லவா, என் வரையில் பதில் இதுதான். அந்தக் கதவைப் பார்த்திராவிட்டால் எனக்கு அந்த முதுகு கிடைத்திருக்காது.

நைஜீரியாவுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. நான் படித்த பாடப்புத்தகத்தில் ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே ஒரு பத்தி. அதுவும் பிக்காசோ அங்கிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்று சொல்வதற்காக எழுதிய பத்தி. உனக்கு ஒரு யூனிட்டே வைத்திருக்கிறார்கள் என்றால் கொடுத்துவைத்தவள் நீ. நைஜீரியாவின் பெனின் நகரத்து அரண்மனையின் தூண்களை மூடியிருந்த பித்தளைப் பலகைகளைப் பார். பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதே மெழுகு வார்ப்புத்தான். பெனின் நகரத்தில் இகுன் தெரு என்று வார்ப்புக்காரர்கள் தெரு ஒன்று இன்றும் இருக்கிறது, நமக்குச் சுவாமிமலை இருப்பது போல. போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுவந்த மனில்லா என்ற பித்தளை வளையங்களை உருக்கித்தான் நிறைய செய்திருக்கிறார்கள். அந்த வளையங்களுக்கான உலோகம் பெரும்பாலும் ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியிலிருந்து போனது என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. 1897-ல் பிரிட்டிஷ் படை அந்த அரண்மனையைக் கொள்ளையடித்தது. அப்படிப் போனவற்றில் பல ஜெர்மன் மியூசியங்களுக்கு விலைக்குப் போயின. 2022-ல் ஜெர்மனி தன்னிடம் இருந்தவற்றின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. ஜெர்மன் மண்ணில் எடுத்த உலோகம் வளையமாக ஆப்பிரிக்கா போய், பலகையாக ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, இப்போது மறுபடி ஊர் திரும்புகிறது. இதைப் படித்த பிறகு "ஜெர்மனி யூனிட்", "நைஜீரியா யூனிட்" என்று நோட்டில் தனித்தனியாகக் கோடு போட உனக்கே கை வராது.

நீ இன்னொன்றும் சொன்னாய். நேரில் பார்க்காமல் ஸ்லைடைப் பார்த்தே படிப்பது ஏமாற்று வேலை போல இருக்கிறது என்று. எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. நான் இன்று வரை ஹில்டெஸ்ஹைம் போனதில்லை.

ஆனால் ரோடினை நினைத்துக்கொள். பிரான்ஸின் பெரிய சிற்பி. 1913 வாக்கில் நம் நடராஜரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், அவர் இறந்த பிறகு 1921-ல் அது வெளிவந்தது. அவர் எழுதிய அந்தத் திருவாலங்காட்டு நடராஜர் அப்போதும் சென்னையில்தான் இருந்தார், இப்போதும் எழும்பூரில்தான் இருக்கிறார். ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஒருவர் அனுப்பிய புகைப்படங்களை வைத்துக்கொண்டு கை, கால், உதடு என்று பகுதி பகுதியாகப் பார்த்து எழுதினார். நாம் ஹில்டெஸ்ஹைமையும் பெனினையும் படத்தில் பார்த்துப் படிப்பது போல, அவர் நம்மைப் படத்தில் பார்த்துப் படித்தார். அவர் புகழ்ந்ததால்தான் நடராஜருக்குப் பெருமை என்று பேசுகிறவர்கள் உண்டு, அதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் அந்தப் படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்பதை நினைத்தால் மட்டும் கைகூப்பத் தோன்றுகிறது.

புகைப்படத்தை உற்றுப் பார்ப்பது சில சமயம் சாமியையே ஊருக்குக் கொண்டுவந்துவிடும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் களவு போய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் அவரை 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன்பே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள் அவரைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தையும் ஆஸ்திரேலியக் கலைக்கூடத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஒன்றைப் போல இன்னொன்று பிறக்காது. சிலையைச் சுற்றியுள்ள திருவாசியின் சுடர், அதில் இருக்கும் தேய்மானம் எல்லாமே சாட்சி. 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். நீ வகுப்பில் "ஒப்பிட்டு எழுதுக" என்று ஐந்து மார்க்குக்கு எழுதுகிறாயே, இது அதே வேலைதான்.

ஸ்லைடில் ஒரு ஆபத்து மட்டும் உண்டு. திரையில் எல்லாப் படமும் ஒரே அளவாகத் தெரியும். உன் போன் கவரில் இருக்கும், ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படம் நிஜத்தில் ஏ-ஃபோர் தாளைவிடக் கொஞ்சம்தான் பெரியது, கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டருக்கு 37. பிக்காசோவின் குவெர்னிகா ஓவியம் ஏழே முக்கால் மீட்டர் அகலம். ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், மற்றதன் எதிரே சுவரில் பல்லி மாதிரி நிற்க வேண்டும். அதனால் எந்தப் படத்தைப் பற்றிக் குறிப்பெடுத்தாலும் முதல் வரியில் அளவை எழுது. போன் கவரை எடுத்து இன்னொன்றும் செய்து பார்: ஜப்பானியர் படிப்பது போல வலமிருந்து இடமாகப் பார். படகுக்காரர்கள் வலப்பக்கத்திலிருந்து வந்து நேரே அலையின் வாய்க்குள் போவது தெரியும். நாம் இடமிருந்து பார்ப்பதால் அலையோடு சேர்ந்து போய்விடுகிறோம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த சாரிடம் அன்று முழுக்க வேறு எதுவும் காதில் வாங்க முடியவில்லை.

யார் காசு கொடுத்தார்கள் என்பதையும் விடாமல் கேள். 1485-ல் ஃப்ளாரன்ஸில் கிர்லாந்தாயோ என்ற ஓவியர் ஓர் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்குப் படம் வரைய ஒப்பந்தம் போட்டார். நீல நிறம் அவுன்ஸ் நாலு ஃப்ளோரின் (அந்த ஊர்ப் பொற்காசு) தரத்தில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த நீலத்தை அரைத்தெடுக்கும் கல் ஆப்கானிஸ்தானத்து பதக்‌ஷான் மலையிலிருந்து வந்தாக வேண்டும், விலைக்குக் காரணம் அதுதான். இதைப் படித்துவிட்டுத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை எடு. தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது அனைத்தையும் கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். எந்தத் திருமேனி எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை கை என்று கணக்கு இருக்கிறது. பொன்னை எடை போட்ட கல்லுக்கு ஆடவல்லான் என்று பேர். ஃப்ளாரன்ஸ் ஒப்பந்தத்தைப் படிக்கும்வரை அந்தக் கல்வெட்டு எனக்கு வெறும் கணக்காகத்தான் தெரிந்தது. பிறகு அதை வாய்விட்டுப் படித்தேன்.

இன்டர்னலில் மார்க் குறைந்ததை உங்கம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ அதற்காக ராத்திரி முழிக்காதே. சாப்பாட்டை விடாதே. பொங்கல் லீவுக்கு வரும்போது எழும்பூர் போவோம். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, அதனால் டிக்கெட்டை வெள்ளிக்கிழமை வந்து சேருகிற மாதிரி போடு, சனிக்கிழமை காலையிலேயே போய்விடலாம். பென்சிலும் கோடு போடாத நோட்டும் எடுத்து வா. அந்தப் பார்வதி எந்தப் பெட்டி என்று நான் சொல்லமாட்டேன், முதுகை வைத்து நீயே கண்டுபிடி.

அன்புடன்,
சித்தி