வளைவில் நிற்கும் குவியாடி

ஆசிரியருக்கு,

கொண்டை ஊசி வளைவுகளில் நிற்கும் குவியாடியை (வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடியை) நம்பி வண்டியைத் திருப்புகிறவர்கள் கவனிக்க: அதில் தெரிவது எப்போதும் நேரான, சுருங்கிப்போன மாய பிம்பம் (ஆடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தோன்றுவது). ஆடியின் வளைவு ஆரம் 2 மீட்டர் என்றால் குவியத் தொலைவு அதில் பாதி, 1 மீட்டர். 19 மீட்டர் தள்ளி வரும் 3 மீட்டர் உயரப் பேருந்தின் பிம்பம் ஆடிக்குப் பின்னால் 95 செ.மீ.யில், வெறும் 15 செ.மீ. உயரத்தில் விழும். 'இன்னும் தூரத்தில்தானே வருகிறது' என்று கண் ஏமாறுவது இதனால்தான். சமதள ஆடியில் அளவு மாறாது. ஆனால் பார்வைப் பரப்பு குறுகிவிடும்.

பிடிப்பு நட்டு தளர்ந்து ஆடி மேல்நோக்கிச் சாய்ந்தால் வானம்தான் தெரியும். நட்டை இறுக்கும்போது கீழே ஓட்டுநரின் கண் உயரத்திலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆடியின்மேல் விளம்பர ஸ்டிக்கர் ஒட்டுகிற புண்ணியவான்களுக்கு அபராதம் போட்டால் தேவலை.

- இயற்பியல் ஆசிரியர்கள் சிலர், நாமக்கல்