உன் புது வீடும் அந்தக் கவுண்டியின் பெயரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீட்டுப் பத்திரம் முடிந்த செய்தி கேட்டு எனக்கும் அம்மாவுக்கும் ரொம்ப சந்தோஷம். ஊர் அதே சியாட்டில் பக்கத்துப் பாத்தெல்தான், ஆனால் வடக்குப் பக்கம் என்பதால் இனிமேல் கிங் கவுண்டி இல்லை, ஸ்னோஹோமிஷ் கவுண்டி என்று சொன்னாய். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி என்று புரிந்துகொண்டேன். அந்தப் பெயர்களெல்லாம் யாருடையவை என்று அன்றிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1852 டிசம்பரில், நீ இருக்கிற வாஷிங்டன் என்று ஒரு மாநிலமே இல்லாதபோது, ஆரிகன் பிரதேசச் சட்டசபை அந்த வருடத் தேர்தலில் ஜெயித்த இரண்டு பேருடைய பெயரையும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகளுக்கு வைத்தது. ஜனாதிபதி ஃபிராங்க்ளின் பியர்ஸுக்கு ஒன்று, துணை ஜனாதிபதி வில்லியம் ரூஃபஸ் கிங்குக்கு ஒன்று. இந்த கிங் அலபாமாவில் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தவர். காசநோயோடு கியூபாவுக்குப் போய் அங்கேயே பதவிப் பிரமாணம் எடுத்து, 1853 ஏப்ரலில் வீடு திரும்பியதுமே இறந்துபோனார். அப்படிப்பட்டவர் பெயரில்தான் சியாட்டில் நகரம் இருக்கிற கவுண்டி நூறு வருடத்துக்கு மேல் இருந்தது.

1986இல் ரான் சிம்ஸ், புரூஸ் லெயிங் என்ற இரண்டு கிங் கவுண்டி கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி, சேர்ந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். பெயர் கிங் என்றே இருக்கட்டும், ஆனால் இனி அது மார்ட்டின் லூதர் கிங்கைக் குறிக்கட்டும் என்று. 5க்கு 4, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆனாலும் கவுண்டிப் பெயர் மாநிலச் சட்டத்தில் இருப்பது, அதனால் 2005இல் ஆளுநர் கிறிஸ்டின் கிரெகுவார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது முழுதாகச் சட்டமானது. அப்புறம் 2007இல் கவுண்டியின் கிரீடச் சின்னத்தை எடுத்துவிட்டு மார்ட்டின் லூதர் கிங்கின் முகத்தை வைத்தார்கள். அவர் சியாட்டிலுக்கு வந்தது ஒரே தடவை, 1961 நவம்பரில், அப்போதும் அவர் பேச மண்டபம் தருவதாகச் சொன்ன ஒரு தேவாலயம் பின்வாங்கிவிட்டது. இப்போது அந்தக் கவுண்டியே அவர் பெயரில். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது, பாப்பா.

மற்ற கவுண்டிகளில் ஜெஃபர்சன், லிங்கன், கிரான்ட் எல்லாம் யார் பெயர் என்று நீயே சொல்லிவிடுவாய், விடு. கிட்சாப் மட்டும் சொல்கிறேன். 1857இல் அதை உண்டாக்கியபோது, பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில் இறந்த ஸ்லாட்டர் என்ற ராணுவ அதிகாரியின் பெயரைத்தான் வைத்தார்கள். அதே வருடம் அங்கே இருந்தவர்களே ஓட்டுப் போட்டு, சுக்வாமிஷ் தலைவர் கிட்சாப்பின் பெயரை வைத்துக்கொண்டார்கள். சண்டை ஓய்ந்த சூட்டிலேயே இப்படிச் செய்திருக்கிறார்கள், எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, உன் கவுண்டிக்கு வருகிறேன். ஸ்னோஹோமிஷ் என்பது அந்த மண்ணில் வாழ்ந்த மக்களின் பெயர். 1855 ஜனவரியில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ், உன் வீட்டுக்கு வடமேற்கே இருக்கிற முக்கில்டியோவில் வைத்து அவர்களோடும் சுற்றியிருந்த மற்றவர்களோடும் ஒப்பந்தம் போட்டு நிலத்தை வாங்கிக்கொண்டார். ஸ்டீவன்ஸ் பேரில் கிழக்கே ஒரு கவுண்டி இருக்கிறது. நிலத்தைக் கொடுத்தவர்களின் வம்சம் இன்றும் உன் கவுண்டியிலேயே டுலாலிப்பில் இருக்கிறது.

உன் பத்திரத்தில் இருக்கிற நிலமும் அந்த ஒப்பந்தத்துக்குள் வந்ததுதான். பேரனுக்குப் புது ஸ்கூல் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை டுலாலிப்பில் அவர்கள் நடத்தும் அருங்காட்சியகத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே அவன் கேட்கட்டும். போய் வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா