கச்சான் மணலுக்கு ஒரு நன்றி

அன்பான எல்லோருக்கும்,

வீட்டில் நான் ஓடருக்குச் செய்யும் நத்தார் (கிறிஸ்துமஸ்) கேக்குகளில் கடைசியும் நேற்றுப் பின்நேரம் உரியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறுதலாக இருந்து எழுதலாம் என்று வைத்தால் பிறகு எழுதவே மாட்டேன். அதனால் சட்டிகள் கழுவாமல் கிடக்க இதை எழுதுகிறேன்.

வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லோர் வீட்டுக்கும் வந்த தண்ணீர்தான் எங்கள் வீட்டுக்கும் வந்தது. போகும்போது என் ஓவனையும் முட்டை அடிக்கும் பீட்டரையும் முடித்துவிட்டுப் போனது. நத்தார் ஓடர்கள் மட்டும் கொப்பியில் எழுதியபடியே இருந்தன. முற்பணம் தந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கக் கையில் காசு இல்லை, அது ஏற்கெனவே பட்டராகவும் கஜுவாகவும் மாறியிருந்தது.

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பின்நேரங்களில் கச்சான் (நிலக்கடலை) வறுத்து விற்கும் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலடியில் கடை போடுபவரும் அவர்தான். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கச்சான் சுருள் சுற்ற என்னிடம் பழைய பேப்பர் வாங்கிப் போவார், எங்களுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். வெள்ளம் வடிந்த பிறகு அதற்காகத்தான் வந்தார். பேப்பர் முழுவதும் ஊறிக் கூழாகிக் கிடந்தது. என் முகத்தைப் பார்த்தார், ஓவனைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். பொழுதுபடும் நேரம் பேரனோடு திரும்பி வந்தார். பேரன் தலையில் ஒரு பழைய இரும்புத் தாச்சி, அவர் இடுப்பில் உரப்பையில் கட்டிய மணல்.

"கச்சான் எதில வறுபடுது புள்ள? நெருப்பிலயா? மணலிலதானே. உன்ட கேக்கும் அதில வேகும்" என்றார்.

மணலில் கேக் வேகவைக்கலாம் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கிழமை ஊரில் காய்ந்த மணலுக்கு எங்கே போவது? ஈர மணலை அடுப்பில் வைத்தால் முதலில் தண்ணீரைக் காய்ச்சுவதற்கே விறகு தீர்ந்துவிடும். புதிதாக அள்ளிய மணலில் தூசி, சிப்பி, உப்பு எல்லாம் கிடக்கும். அவருடைய மணல் அப்படியில்லை. பல வருடம் அரித்து அரித்து, வறுத்து வறுத்து, கறுப்பேறி, எல்லாம் ஒரே பருமனாக இருந்தது. தொழில் செய்பவர் அதை இரவல் கொடுக்க மாட்டார். இவர் பாதியைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பாதியில் கச்சான் வறுத்தபடியால் ஒரு தடவைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சமாகத்தான் போட முடிந்ததாம். பாலத்தடிக்கு ஆட்கள் மெல்ல மெல்ல வரத் தொடங்கிய நேரம் வேறு. இதை அவர் சொல்லவில்லை, பேரன் சொல்லித்தான் தெரியும்.

வேகவைக்கும் முறையையும் அவர்தான் பிடித்துக் காட்டினார். தாச்சியில் இரண்டு அங்குலத்துக்கு மணல், நடுவில் ஓட்டுத் துண்டுகள், அதன்மேல் கேக் தட்டு. சூடு பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு கச்சானை மணலில் புதைத்துவிட்டு வெற்றிலை போடுவார். மென்று முடிந்ததும் எடுத்து உடைத்துப் பார்ப்பார். பருப்பு கருகியிருந்தால் ஒரு கொள்ளியை வெளியே இழுக்க வேண்டும், பச்சையாக இருந்தால் பொறுக்க வேண்டும். எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லாததால் மணிக்கூட்டைப் பார்த்தேன், அவருக்கு அதில் பெரிய திருப்தி இல்லை. மணல் ஒருமுறை சூடேறினால் இலேசில் ஆறாது. அதனால் நெருப்பைக் கூட்டுவதைவிடக் குறைப்பதில்தான் கவனம் இருக்க வேண்டும்.

முதல் கேக் அடியில் நன்றாகச் சிவந்து, மேலே வெளிறிப் போய் வந்தது. சூடு முழுவதும் கீழிருந்துதானே வருகிறது. "மூடிக்கு மேலேயும் நெருப்பு வை" என்றார். தகர மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினோம், மறுகா மேலும் சிவந்தது. ஒரு இறாத்தல் பட்டர் கேக் வேக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஓவன் கேக் மாதிரியே இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஓரம் கொஞ்சம் தடிப்பு, புகை வாசமும் இலேசாக இருக்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, அவர் ஓடர் தருபவர் இல்லைதானே.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஈர ஓவனைச் செருகிப் பார்க்க விடாமல் கையைப் பிடித்த மின்வேலைத் தம்பி, கடனுக்குச் சீனி தந்த கடைக்காரர், சிரட்டை சேர்த்து அனுப்பிய அயலவர்கள், தொதல் கிடாரத்தில் எண்ணெய் பிரியும் மட்டும் மாறி மாறித் துடுப்புப் போட்ட பிள்ளைகள். காத்தான்குடி ராத்தா போனில் "எல்லாத்தையும் கேக்காக ஏன் செய்யிற, பாதியை வட்டிலப்பமாக்கு" என்றவர், கித்துல் கருப்பட்டியும் கிண்ணங்களும் கொடுத்தனுப்பினார். முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப்பால், ஏலக்காய், அவ்வளவுதான், மாவே வேண்டாம். மூடியைத் துணியால் கட்டினால் ஆவித் தண்ணீர் உள்ளே சொட்டாது, கொதி கூடினால் உள்ளெல்லாம் ஓட்டை விழும். இவை இரண்டும் அவர் சொல்லித் தந்தவை. நத்தாருக்கு வட்டிலப்பமும் பால் டொபியும் வந்து நின்றபோது முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் பெரிய நன்றி.

தொதல் கிண்டும்போது ஒன்று யோசித்தேன். எள்ளுருண்டை, அரியதரம், பயற்றம் பணியாரம், முஸ்கட், அலுவா என்று எங்கள் அம்மாமார் செய்த எதற்கும் ஓவன் வேண்டியிருக்கவில்லை. கேக் என்றால் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவார்கள், பாண் இறக்கிய பிறகு போறணையில் (பேக்கரி அடுப்பில்) மிஞ்சிய சூட்டில் வைத்துத் தருவார்கள். என் காலத்தில்தான் ஒரு இயந்திரம் பழுதானால் தொழிலே போய்விட்டது என்று தலையில் கை வைத்து உட்காரும் நிலைமை வந்தது.

கச்சான் அம்மாவிடம் காசு நீட்டினேன். வாங்கவில்லை. மணலில் பட்டர் வாசம் ஏறாமல் திருப்பித் தந்தால் போதும் என்றார், கச்சானில் அது மணக்குமாம். அரித்து, வெறும் தாச்சியில் நன்றாக வறுத்து ஆறவைத்திருக்கிறேன், நாளைக்குக் கொண்டுபோகிறேன். உங்கள் வீட்டில் நனையாத பழைய பேப்பர் இருந்தால் தயவுசெய்து பாலத்தடிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவருக்கு இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை.

புது ஓவன் எப்போது வாங்குவேன் என்று தெரியாது. எனக்கென்று மணல் அள்ளிக் கழுவிக் காயவைக்கத் தொடங்கிவிட்டேன், பொங்கலுக்குப் பிறகு அதிலேதான் ஓடர் எடுப்பேன். ஓவன் இல்லையே என்று கேக் பழகாமல் விட்டவர்கள் சனிக்கிழமைப் பின்நேரங்களில் வீட்டுக்கு வாருங்கள், காசு வேண்டாம். தடித்த சட்டி ஒன்றும் பொருத்தமான மூடியும் கொண்டுவாருங்கள். முட்டையும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், விலை தெரியும்தானே.