மின் ஆலோசனைக் குழுவில் நமக்கும் நாற்காலி

ஐயா,

மின்கட்டண உயர்வுக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடப்பதுண்டு. பிழைப்பை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனால் மைக் முன்னால் சில நிமிடங்கள் கிடைக்கும். கட்டண முன்மொழிவோ ஏற்கெனவே அச்சேறியிருக்கும்.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மாநில ஆலோசனைக் குழு ஒன்றை வைத்திருக்கிறது. வணிகர், விவசாயி, தொழிலாளர், நுகர்வோர் எல்லோருக்கும் சேர்த்து அதிகபட்சம் 21 பேர். எங்கள் தெருவின் குறைந்த மின்னழுத்தம் அவர்கள் காதுக்கு எப்படி எட்டும்? மாவட்டந்தோறும் குழு அமைத்து, மின்விநியோகத்தின் தரத்தையும் நுகர்வோரின் மனநிறைவையும் ஆய்வு செய்யச் சொல்கிறது அதே சட்டத்தின் 166(5) பிரிவு. உங்கள் மாவட்டக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்!

மாவட்டத்தை விடச் சிறிய மின்கோட்ட அளவிலேயே சம்பளமில்லாத தன்னார்வக் குழு வேண்டும். மும்முனை மின்சாரத்துக்காக நள்ளிரவில் கண்விழிக்கும் விவசாயி, மாவு மில் நடத்துபவர், இல்லத்தரசி, ஓய்வுபெற்ற லைன்மேன் ஆகியோர் அதில் இருக்கட்டும். லைன்மேனை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த டிரான்ஸ்பார்மர் முதல் மழைக்கே மூச்சை விடும் என்பது அவருக்குத்தான் தெரியும். கட்சிக்காரர்களுக்கு வேறு மேடைகள் உண்டு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடினால் போதும். கூட்டக் குறிப்பை அந்தந்தப் பகுதி மின்சார அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். குழுவின் யோசனையை ஏற்கவில்லையென்றால், காரணத்தைப் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்